ஆச்சியின் சுருக்குப்பை: பழைய வெள்ளி ரூபாய்களைக் கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

கரிசல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டிப் பக்கம். போன மாசம் எங்க ஆச்சி தவறிட்டாங்க. அவங்க டிரங்குப் பெட்டியில ஒரு சுருக்குப்பை இருந்துச்சு. அதுக்குள்ள 22 ரூபாய்க் காசு: 1862 விக்டோரியா நாலு, ‘எம்ப்ரஸ்’னு போட்ட விக்டோரியா அஞ்சு, 1907 எட்வர்டு மூணு, 1911 ஜார்ஜ் ஒண்ணு, 1912-ல இருந்து 1919 வரைக்கும் ஆறு, 1944-45 ரெண்டு, புலி போட்ட 1947 ஒண்ணு. இது போக, பெட்டிக்கு அடியில தனியா பேப்பர்ல மடிச்சு 1939 ஒண்ணு.

1862 காசு நாலும் பளபளன்னு இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஆச்சி அதை விபூதி போட்டுத் தேய்ச்சு வைப்பாங்க. 1911 கறுத்துப்போய்க் கிடக்கு. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் (தரம் பார்த்துச் சான்று தர்றது) பண்ணினா லட்சக்கணக்குல போகும்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. நாங்க மூணு பேர் பங்கு பிரிக்கணும். அனுப்பலாமா, வேண்டாமா?

வெள்ளிரூபாய்:
அனுப்புங்கள் சகோதரி. எல்லாவற்றையும் அல்ல, 1862, 1911, 1939 மட்டும். இருபது வருடமாகச் சேகரிக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.

பி.சி.ஜி.எஸ். 1986-லும் என்.ஜி.சி. 1987-லும் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, காசுக்குத் தரம் சொல்லும் நிறுவனங்கள். 1 முதல் 70 வரையுள்ள ஷெல்டன் அளவுகோலில் காசுக்கு எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருவார்கள். 60-ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. நேரில் பார்க்க முடியாத ஒருவர் ஏலத்தில் துணிந்து பணம் போடுவது அந்த எண்ணை நம்பித்தான்.

உங்கள் 1911 சாதாரணக் காசு இல்லை. ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் இருந்த யானை பார்வைக்குப் பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, அதைத் திரும்பப் பெற்று, 1912-ல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். பன்றி ரூபாய் என்று இன்றும் அதற்குப் பெயர். அந்த ஒரு வருடம்தான் அந்த அச்சு.

இன்னொன்று. மூன்று பேர் பங்கு பிரிக்கும்போது மூன்றாம் மனிதர் ஒருவர் தரத்தைச் சொல்லிவிட்டால் உடன்பிறந்தவர்களுக்குள் மனக்கசப்பு வராது.

சந்தைக்கடை:
தங்கச்சி, அவசரப்படாதே. மதுரையில் முப்பது வருசமாகக் காசுக்கடை வைத்திருக்கிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும்.

முதலில் அந்த 1862. தேதியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 1874 வரைக்கும் தேதியை மாற்றாமல் 1862 என்றே அடித்துத் தள்ளினார்கள். தேதிக்குக் கீழேயும் பூவுக்குப் பக்கத்திலும் உள்ள புள்ளிகளை எண்ணித்தான் எந்த ரகம் என்று பிரிப்போம். நல்ல ரகமாகவே இருந்தாலும் விபூதி போட்டுத் தேய்த்தாகிவிட்டதே! வீட்டில் ஒன்று செய்து பார். ஒற்றை பல்புக்கு அடியில் காசை மெல்லச் சாய். தேய்க்காத, புழங்காத காசில் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல ஒளி சுற்றி வரும். தேய்த்த காசில் ஒளி ஒரே பரப்பாகப் பளிச்சிடும். மயிரிழைக் கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். அமெரிக்காவில் தரம் பார்க்க உட்கார்ந்திருப்பவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். எண்ணே தர மாட்டான். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் திருப்பிவிடுவான். காசு கொடுத்து அந்த வரியை வாங்கணுமா?

ஆச்சி செய்ததில் தப்பே இல்லை. அவங்களுக்கு அது லட்சுமி, ஏலப்பொருள் இல்லை.

கடல்கடந்தவன்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். சந்தைக்கடை ஐயா சொல்வது உண்மை, எனக்கே நடந்தது. அப்பாவின் காசுகளில் ஆறு அனுப்பினேன். கட்டணம், கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு காசுக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் (டாலரைத்தான் சொல்கிறேன்). இரண்டு காசு எண் இல்லாமலே திரும்பின. ஒன்றில் பழைய சுத்தம். இன்னொன்றில் பதக்கமாகப் பற்றவைத்து எடுத்த தடம், விளிம்பில் அரிசி அளவுதான். நான் கவனிக்கவே இல்லை.

ஆனாலும் அனுப்பியதற்கு வருந்தவில்லை. மீதி நாலில் ஒன்று எம்.எஸ். 63 (எம்.எஸ். என்றால் புழங்காத காசு) வந்தது. அதை நான் சாதாரணக் காசு என்று நினைத்து ஒருவருக்குச் சும்மா கொடுக்க இருந்தேன். நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கு எது என்ன என்று யார் சொல்லித் தருவார்கள்?

சந்தைக்கடை:
தம்பி, 63 என்பது ஒரு மனிதனின் கண் சொன்னது. அதே காசை உறையை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி 64 வாங்கியவர்களும் உண்டு, 62-க்கு இறங்கியவர்களும் உண்டு. உறையே போலியாகவும் வருகிறது. சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படத்தோடு காசை ஒத்துப் பார்க்காமல் நான் உறைக் காசு வாங்குவதில்லை. கடைசியில் காசைப் பார்க்கத் தெரிந்தவன்தான் தப்பிக்கிறான், உறைக்குள் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி.

வெள்ளிரூபாய்:
பார்க்கத் தெரியாதவர்கள்தானே ஐயா பெரும்பான்மை? உங்களுக்கு முப்பது வருடக் கண் இருக்கிறது. இந்தச் சகோதரிக்கு? நாளைக்கு யாராவது ஒரு டீலர் 1911-ஐ ‘கறுத்துப் போச்சும்மா, வெள்ளி விலைக்குத்தான் எடுப்பேன்’ என்று சொன்னால் எதிர்த்துப் பேச அவரிடம் என்ன இருக்கும்? நம் ஊரில் எத்தனை குடும்பங்களின் காசு இப்படிக் கைமாறியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கிரேடிங் கட்டணம் அந்த அநியாயத்துக்கு எதிராகக் கட்டும் காப்பீடு.

சட்டப்புத்தகம்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது.

1972-ஆம் ஆண்டு பழம்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டு ஆன காசு பழம்பொருள். அந்த வரையறையில் ‘காசு’ என்ற சொல்லே நேரடியாக இருக்கிறது. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. ஏற்றுமதி என்றால் விற்பது இல்லை. இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோவது, அவ்வளவுதான். சான்று வாங்கத்தான் அனுப்பினேன், திரும்பி வந்துவிடும் என்பது பதிலாகாது. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் தனி. ஏஜென்ட் கையில் கொடுத்தாலும் இதே கதைதான்.

ஆகவே விக்டோரியா, எட்வர்டு, 1911 முதல் 1919 வரையான ஜார்ஜ், எதையும் அமெரிக்காவுக்கு அனுப்பும் பேச்சே வேண்டாம். சிங்கப்பூர் நண்பரின் காசுகள் அங்கேயே இருந்தவை. அவர் விஷயம் வேறு. 1939 இன்னும் நூறைத் தொடவில்லை. அதற்கும் கஸ்டம்ஸில் கேள்வி வந்தால் காட்ட, ‘பழம்பொருள் அல்ல’ என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளிரூபாய்:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1862, 1911 பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 1939? அந்த வருட வெள்ளி ரூபாய் வெளியே வந்தது மிகக் குறைவு. மொத்தப் பையிலும் அனுப்பத் தகுந்த காசு அதுதான், சட்டமும் தடுக்கவில்லை.

சந்தைக்கடை:
அதுதான் எனக்கு உறுத்துகிறது. தங்கச்சி, மற்றதெல்லாம் சுருக்குப்பையில், அது மட்டும் ஏன் தனியாகப் பேப்பரில்? என் கடைக்கு வந்த 1939-களில் நல்லது எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் மூன்று வேலை செய்.

ஒன்று, எடை. 11.66 கிராம், ஒரு தோலா. ரொம்ப நாள் புழங்கியிருந்தால் கொஞ்சம் குறையலாம்.

இரண்டு, விளிம்பு. 1940-ல் வெள்ளியை பாதியாகக் குறைத்தபோது விளிம்பின் நடுவில் பள்ளக்கோடு விட்டு அடித்தார்கள். உன் 1944-ஐ எடுத்துப் பார், தெரியும். 1939-ல் அந்தப் பள்ளம் இருந்தால் சோலி முடிந்தது, தேதியை மாற்றியிருக்கிறான்.

மூன்று, தண்ணீர். நகைத் தராசில் தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கு. காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுசாக முக்கு. பழைய வெள்ளி என்றால் (பன்னிரண்டில் பதினொரு பங்கு) தராசு 1.13 கிராம் பக்கம் காட்டும். பாதி வெள்ளி என்றால் 1.22.

இன்னொன்றும் கேட்டுக்கொள். விலை பேசுகிறேன் என்று போன் செய்து முன்பணம், கமிஷன், வரி என்று கேட்டால் கட் பண்ணிவிடு. தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

கரிசல்காரி:
பக்கத்து நகைக்கடை அண்ணன்கிட்ட தராசு வாங்கிப் பார்த்தேன் ஐயா. எடை 11.61. விளிம்புல பள்ளம் இல்ல, 1944-ல இருக்கு. தண்ணியில 1.12, 1.13-னு மாறி மாறி வந்துச்சு. அப்போ நல்ல காசுதானே? 1947 புலியையும் போட்டுப் பார்த்தேன், அதுல காந்தம் ஒட்டுது!

சந்தைக்கடை:
1947 நிக்கல் தங்கச்சி, வெள்ளியே இல்லை. காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

வெள்ளிரூபாய்:
பார்த்தீர்களா ஐயா, மூன்று சோதனையிலும் தேறிவிட்டது. இதற்கு மேல் வீட்டில் என்ன செய்ய முடியும்? இந்த இடத்தில்தான் கிரேடிங் வேண்டும் என்கிறேன். அனுப்புங்கள்.

சந்தைக்கடை:
உலோகம் தேறியிருக்கிறது, தேதி தேறவில்லை. 1938-ம் இதே வெள்ளி, இதே எடை, இதே விளிம்பு. பத்து மடங்கு லென்ஸில் கடைசி 9-ஐப் பார். முதல் 9-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார். வெளிச்சம் பக்கவாட்டில் விழணும்.

கரிசல்காரி:
ரெண்டு நாளா இதே வேலைதான். முதல் 9-ல கீழ வளைவு ஒரே தடிமனா ஓடி, நுனியில உருண்டு நிக்குது. கடைசி 9-ல அந்த நுனி சீவிவிட்ட மாதிரி கூரா முடியுது. அதுக்கு இடது பக்கம் தரை மட்டும் லேசாக் குழிஞ்சு மழுங்கி இருக்கு, அங்க சின்னச் சின்னக் கீறல். வேற எந்த எழுத்தைச் சுத்தியும் அப்படி இல்ல. போட்டோ போட்டிருக்கேன்.

சந்தைக்கடை:
அது 8, தங்கச்சி. கீழ் வட்டத்தின் இடது பக்கத்தைச் சுரண்டி வாயைத் திறந்துவிட்டிருக்கிறான். கை நல்ல கை.

வெள்ளிரூபாய்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐயா சொல்வது சரி. சுரண்டிய தரை தெளிவாகத் தெரிகிறது. சகோதரி, இதற்காகப் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் பொதுவாக என் கருத்தில் மாற்றமில்லை. இந்தக் காசுக்கு இங்கே ஒரு சந்தைக்கடை ஐயா கிடைத்தார். கிடைக்காத வீடுகளுக்கு, நூறு வருடத்துக்கு உட்பட்ட அரிய காசு கையில் இருந்தால், கிரேடிங்தான் வழி.

கரிசல்காரி:
எங்க மாமாகிட்டக் கேட்டேன். 1939-ஐ அவர்தான் பல வருஷத்துக்கு முன்னால ஒருத்தர்கிட்ட விலைக்கு வாங்கி, ஆச்சிகிட்டப் பத்திரமா வைக்கச் சொன்னாராம். எவ்வளவு கொடுத்தார்னு கேட்டேன், சொல்லல. அதை அவர்கிட்டயே கொடுத்துட்டோம்.

மத்ததை எடை போட்டு மூணாப் பிரிச்சாச்சு. 1911 மட்டும் எடைக் கணக்குல வரலை. மூணு பேரும் சேர்ந்து வச்சுக்கிட்டு, ஐயா கடைக்கு அடுத்த மாசம் எடுத்துட்டு வர்றோம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகிதக் கவர்ல போடுன்னு நகைக்கடை அண்ணன் சொன்னாரு, அப்படியே போட்டிருக்கேன். அம்மா நேத்து அந்த 1911-ஐயும் விபூதித் தட்டுல எடுத்து வச்சிருந்தாங்க. நல்லவேளை, தேய்க்கிறதுக்கு முன்னால பார்த்துட்டேன். 1862 நாலையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டேன், வெள்ளிக்கிழமைக்கு வேணும்ல.