பென்டிரைவ் செருகினா தானா மவுண்ட் ஆகல: எம்பெடட் லினக்ஸ் போர்டுல பார்த்த சிக்கல்கள் (ஒவ்வொருத்தரும் அவங்க ஏரியா பேர்ல எழுதறாங்க; மவுண்ட்னா டிரைவை ஒரு ஃபோல்டரோட இணைக்கறது)

கிண்டி:
டிவைஸ் செருகினதும் என்ன செய்யணும்னு பார்த்துக்கற யூடெவ்வோட ரூல்ல, ரன் வரியிலேயே மவுண்ட் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டிருந்த போர்டு. லாக்ல மவுண்ட் ஆச்சு, எக்ஸிட் கோடு 0, அதாவது பிழை இல்ல. எல்எஸ் போட்டா ஃபோல்டர் காலி. என்எஸ்என்டர் கமாண்டு வச்சு யூடெவ்டி (யூடெவ்வோட பின்னணி ப்ராசஸ்) பார்க்கற தனி மவுண்ட் பட்டியலுக்குள்ள, அதாவது அதோட மவுண்ட் நேம்ஸ்பேஸுக்குள்ள நுழைஞ்சு அதே ஃபோல்டரைப் பார்த்தா, ஃபைல் எல்லாம் அங்க பத்திரமா உக்காந்திருக்கு! சர்வீஸ்களை எல்லாம் ஓட்டற சிஸ்டம்டி அதுக்குத் தனி நேம்ஸ்பேஸ் குடுத்திருக்கறதால, உள்ள பண்ற மவுண்ட் வெளிய தெரியாது. ரூல்ல சிஸ்டம்டி டேக் சேர்த்து, சிஸ்டம்டி-வான்ட்ஸ்ல ஒரு டெம்ப்ளேட் சர்வீஸைக் குடுத்ததும் தீர்ந்தது.

அம்பத்தூர்:
கிண்டி சொன்னது பாதிதான். அந்த சர்வீஸ் ஒன்ஷாட்னா (ஒரு வேலையை முடிச்சிட்டு நின்னுடற வகை) ரிமெய்ன்-ஆஃப்டர்-எக்ஸிட் கட்டாயம் வேணும். இல்லேன்னா மவுண்ட் முடிஞ்ச கையோட, ஸ்டாப்ல எழுதின அன்மவுண்டும் ஓடிடும். பைண்ட்ஸ்-டூல டிவைஸ் யூனிட்டைப் போட்டா, டிரைவைப் பிடுங்கினதும் சர்வீஸும் நின்னுடும்.

ரிச்சி தெரு:
பார்ட்டிஷன் டேபிளே இல்லாத டிரைவ் ஒண்ணு. முழு டிரைவைக் குறிக்கற எஸ்டிஏ மட்டும் வருது, முதல் பார்ட்டிஷனான எஸ்டிஏ1 வரவே இல்ல. ரூல் 1-ஐத் தேடிட்டு சும்மா இருந்துச்சு. பேரைப் பார்க்காம, ஐடி-எஃப்எஸ்-யூஸேஜ் ஃபைல்சிஸ்டமான்னு பாருங்க. ரூல் ஃபைலுங்க நம்பர் வரிசையில ஓடும், அதனால உங்க ஃபைலோட நம்பர் 60-க்கு மேல இருக்கணும். 10-னு வச்சா அந்த மதிப்பு அப்போ காலியாத்தான் இருக்கும்.

பெருங்குடி:
அம்பத்தூர் சார், எல்லா போர்டுலயும் சிஸ்டம்டி இருக்காது. சின்ன போர்டுக்கான கமாண்டு தொகுப்பான பிஸிபாக்ஸ்ல, யூடெவ் வேலையைச் செய்யற எம்டெவ் போதும். ஆனா பூட் ஆகும்போதே செருகியிருக்கிற டிரைவுக்கு, ஸ்டார்ட்டப்ல எம்டெவ் -எஸ் ஓட்டணும்.

கேட்காட்டியும் சொல்றேன்: கெர்னல் கான்ஃபிக்கை முதல்ல பாருங்க. பென்டிரைவ் ஃபார்மேட்டான விஃபேட் மட்டும் ஆன் பண்ணிட்டு, எழுத்துக் குறியீட்டு டேபிள்களான கோட்பேஜ் 437-ஐயும் ஐஎஸ்ஓ 8859-1-ஐயும் விட்டா, டிஃபால்ட் செட்டிங்ல டிவைஸ் தெரியும், மவுண்ட் மட்டும் ஃபெயில் ஆகும். டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) கோட்பேஜ் கிடைக்கலன்னு ஒரே வரிதான் வரும். எக்ஸ்ஃபேட் டிரைவ் வரும்னா கெர்னல் 5.7 அல்லது அதுக்கு மேல போங்க. ஃபேட் டிரைவுக்கு, எழுதறதை உடனுக்குடனே டிரைவுக்கு அனுப்பற சிங்க் ஆப்ஷன் வேண்டாம், அதே இடத்துல திரும்பத் திரும்ப எழுதி ஃப்ளாஷைத் தேய்ச்சிடும்; ஃப்ளஷ் போடுங்க. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குன்னா ரீட்-ஒன்லி மவுண்டே போதும். செருகினதும் போர்டே ரீசெட் ஆனா ரூலை நோண்டாதீங்க, யூஎஸ்பி 5 வோல்ட் லைன்ல ஸ்கோப்பை (ஆசிலாஸ்கோப்) வச்சு வோல்டேஜ் இறங்குதான்னு பாருங்க. அங்க 120 மைக்ரோஃபாரட் கெபாசிட்டராவது இருக்கணும்.