ஆடிக்காற்றில் கெண்டைப் போட்டி: தக்கை நிற்கவில்லை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில், சென்ற ஞாயிறன்று எங்கள் சங்கத்தின் தூண்டில் போட்டி நடந்தது. இடத்தை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், தென்மேற்கிலிருந்து விடாமல் அடித்த காற்று முதுகில் படும்படி மேற்குக் கரையில் அமர்ந்தேன். ஆயினும் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து தக்கையை இழுத்துக்கொண்டே போனதால் இரை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐந்து மணி நேரத்தில் இரண்டு சிறு மிர்கால் கெண்டைகள்தான் கிடைத்தன. காற்றை முகத்தில் வாங்கிய எதிர்க்கரையினரோ ரோகு கெண்டைகளாக எடுத்தார்கள். எங்கே தவறினேன்?

பதில்:
இடத்தில்தான், ஐயா. காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, மிதக்கும் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் எதிர்க்கரையில் சேர்கின்றன. அலை மோதி நீர் கலங்குவதால் கெண்டை இனங்கள் அச்சமின்றிக் கரையோரம் மேய வருகின்றன. தூண்டில் வீசுவதற்குக் கடினமான கரை என்றாலும் நான் அங்கேயே அமர்வேன்.

இன்னொரு பதில்:
எறிந்தவுடன் கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, நரம்புச் சுருளை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்; நரம்பு மூழ்கிவிட்டால் காற்றுக்குப் பிடி கிடைக்காது. அதற்கும் அடங்காத காற்றென்றால் தக்கையைக் கழற்றிவிட்டு, ஈயக்குண்டுடன் இரையை நீரடித் தரையில் கிடத்துவதே நல்லது. புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை, அழுத்தினால் விரல்ரேகை பதியும் அளவுக்கு இறுகியிருக்கட்டும். தளர்ந்த உருண்டை வீசும்போதே உதிர்ந்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் உருண்டை தளர்வாகத்தான் இருந்தது. அடுத்த போட்டியில் கிழக்குக் கரைக்கே போகிறேன்.