வியாசர்பாடி வீடு: குடும்பக் குழு

26 மார்ச் 2024, செவ்வாய்

[இரவு 8:56] பிரவீன்: முடிந்தது. உலகக் கோப்பைக் கால்பந்து தகுதிச் சுற்றில் இந்தியா 1-2. ஆப்கானிஸ்தானிடம். அதுவும் நம் நாட்டில், கவுகாத்தியில் வைத்து.

[8:57] பெரியப்பா: 88ஆவது நிமிடத்தில் பெனால்டி கொடுத்தார்கள் பார், அப்போதே டிவியை அணைத்துவிட்டேன்.

[8:57] அம்மா: மோட்டார் போட்டது யார்? தொட்டி வழிகிறது.

[8:58] சித்தப்பா: நான்தான் அண்ணி. இதோ அணைக்கிறேன்.

[8:59] பிரவீன்: நம் கேப்டன் சேத்ரிக்கு நாட்டுக்காக இது 150ஆவது ஆட்டம். முதல் கோலும் அவர்தான் அடித்தார். மொத்தம் 94 கோல். 39 வயது மனுஷன் அடித்துக் கொடுத்ததைக் காப்பாற்றக்கூட ஆளில்லை.

[9:03] பெரியப்பா: அதுவும் பெனால்டிதானே. நவம்பரில் குவைத்தில் மன்வீர் அடித்தான், ஜெயித்தோம். அப்புறம் கத்தாரோடு ஒன்றும் இல்லை. ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா, மூன்று ஆட்டத்திலும் ஒன்றும் இல்லை. போன வாரம் சவூதியில், அபாவில் இதே ஆப்கானோடு 0-0. ஐந்து வருடமாக இந்த ஸ்டிமாக்தான் கோச். கோல் அடிப்பதற்கு ஒரு வழிகூடவா சொல்லித்தர முடியவில்லை?

[9:05] சித்தப்பா: அண்ணே, நம் கிளப்புகள் ஆடும் ஐஎஸ்எல் லீக்கில் எத்தனை கிளப்பில் நம் பையன் நடு ஃபார்வர்டாக ஆடுகிறான்? அந்த இடம் முழுக்க வெளிநாட்டுக்காரன். கிளப்பில் வருடம் முழுக்க விங்கில் ஓடுகிறவனை இங்கே கூட்டிவந்து நடுவில் நிறுத்தி கோல் அடி என்றால் எப்படி அடிப்பான்? ஸ்டிமாக் என்ன, யார் வந்தாலும் இதே கதைதான்.

[9:06] பெரியப்பா: யார் வந்தாலும் இதே கதை என்றால் இவர் எதற்கு?

[9:06] அக்கா: 😂

[9:08] சித்தப்பா: ஹாங்சோ ஆசிய விளையாட்டை மறந்துவிட்டீர்களா? கிளப்புகள் நல்ல ஆட்களை விடவே இல்லை. கிடைத்த பையன்களைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் போய் இறங்கி, மறுநாளே சீனாவோடு ஆடி 1-5. அதுவும் அவர் தப்பா?

[9:12] பெரியப்பா: இல்லை. அது கிளப்புகளும் நம் கால்பந்துச் சம்மேளனமும் சேர்ந்து பண்ணின கூத்து. ஆசியக் கோப்பைக்கு கேம்ப் நாள் போதவில்லை என்று கேட்டார், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இன்றைக்கு? ஆப்கான் உலகத் தரவரிசையில் 158, நாம் 117. அங்கேயும் முக்கியமான ஆட்கள் பலர் தங்கள் சம்மேளனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. இருந்தவர்களை வைத்தே இரண்டு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்கு என்ன காரணம் சொல்வார் பார்க்கலாம்.

[9:13] அக்கா: போன வருடம் பேப்பரில் வந்ததே, ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் பட்டியலை ஜோசியருக்கு அனுப்பினார் என்று. இவர்தானே அது?

[9:13] பிரவீன்: இவரேதான் அக்கா.

[9:14] சித்தப்பா: அந்த ஜோசியரை அறிமுகப்படுத்தியதே சம்மேளனத்துப் பெரிய ஆள் என்றும் அதே செய்தியில் இருந்தது. அதை மட்டும் யாரும் பேச மாட்டீர்கள்.

[9:14] பெரியப்பா: அந்த ஜோசியராவது நேரம் சரியில்லை, கிளம்புங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

[9:17] பிரவீன்: ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். போன ஜூலையில் பெங்களூரில் சாஃப் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், பெனால்டி ஷூட் அவுட்டில் குவைத்தை அடித்தோமே. தரவரிசையில் 99 வரைக்கும் வந்தோம். அந்தப் போட்டியில் ஸ்டிமாக் இரண்டு தடவை சிவப்பு அட்டை வாங்கினார். பாகிஸ்தான்காரன் த்ரோ எடுக்கப் போன பந்தைப் பிடுங்கி ஒன்று. அன்றைக்குத் தெருவே அவரைக் கொண்டாடியது.

[9:22] பெரியப்பா: அங்கேதான்டா வினையே. ஜூலையில் 99. அந்த ஜோரிலேயே அக்டோபரில் ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரைக்கும் நீட்டினார்கள். ஜனவரியில் ஆசியக் கோப்பை இருக்கிறது என்று தெரியும். ஒரு மூன்று மாதம் பொறுத்து, எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் என்ன? உள்ளூரில் நாலு கோப்பை ஆட்டம் ஜெயித்ததை வைத்து மூன்று வருடக் கணக்குப் போட்டுவிட்டார்கள். நான் லீக் ஆடிய காலத்தில் ரயில்வே, பேங்க் டீம்களில்கூட சீசன் முடிந்த பிறகுதான் கோச்சோடு பேசுவார்கள்.

[9:23] அம்மா: சாப்பிட யாரும் வரவில்லையா? தோசை ஆறுகிறது.

[9:26] பிரவீன்: எனக்கு வேறொரு கோபமும் இருக்கிறது. நம் நந்தகுமார் ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் பரம எதிரி மோகன் பகானுக்கு எதிராக அடித்து ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்கவைத்தான். அவனுக்கெல்லாம் தொடர்ந்து நாலு ஆட்டம் கொடுத்தால்தானே தெரியும்?

[9:27] சித்தப்பா: சென்னைப் பையன் என்பதால் பேசுகிறாய்.

[9:27] பிரவீன்: ஆமாம். அதனால் என்ன?

[9:28] இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:29] அக்கா: பெரியப்பா, நீக்குவதற்குள் படித்துவிட்டேன். குழுவில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

[9:33] சித்தப்பா: தகுதிச் சுற்றில் நம் பிரிவில் இன்னும் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறோம். ஜூனில் குவைத்தோடு கொல்கத்தாவில் ஜெயித்தால் போதும். மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் விலகிவிடுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பொறுங்கள்.

[9:34] பெரியப்பா: சரி, பார்ப்போம்.

6 ஜூன் 2024, வியாழன்

[இரவு 9:04] பிரவீன்: குவைத்தோடு 0-0. கொல்கத்தா சால்ட் லேக்கில் அவ்வளவு கூட்டம். சேத்ரி அழுதுகொண்டே போகிறார். கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஒரு நல்ல பந்து போடக்கூட ஆளில்லை.

[9:05] பெரியப்பா: இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

11 ஜூன் 2024, செவ்வாய்

[இரவு 11:16] சித்தப்பா: கத்தார் அடித்தது கோலா? பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. உள்ளே இழுத்துவந்து அடிக்கிறான், நடுவர் கோல் என்கிறார். வீடியோ பார்த்துச் சரிசெய்ய விஏஆரும் கிடையாது. சாங்டே அடித்த கோலில் 73ஆவது நிமிடம் வரைக்கும் நாம்தான் முன்னால் இருந்தோம்!

[11:18] பிரவீன்: நூறு சதவீதம் வெளியே. பட்டப்பகல் கொள்ளை.

[11:24] பெரியப்பா: வெளியேதான், நானும் பார்த்தேன். வயிறு எரிகிறது. ஆனால் அதற்கு அப்புறம் 85இல் இன்னொன்று வாங்கித் தோற்று மூன்றாம் சுற்றையும் விட்டோமே, அது யார் தப்பு? குவைத்தோடு ஒன்றே ஒன்று அடித்திருந்தால் இன்றைக்கு தோகாவில் நடுவரை நம்பிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

17 ஜூன் 2024, திங்கள்

[இரவு 8:41] பிரவீன்: ஸ்டிமாக்கை நீக்கிவிட்டார்கள்.

[8:42] அக்கா: அவரே போவதாகச் சொன்னாரே?

[8:43] பெரியப்பா: சொன்னார். ஆறு நாள் ஆயிற்று, போகவில்லை.

[8:44] அக்கா: 2026 வரைக்கும் ஒப்பந்தம் இருக்கிறதே, மீதிச் சம்பளம்?

[8:45] பிரவீன்: அது இனிமேல் வக்கீல்கள் பேச்சு.

[8:49] சித்தப்பா: கோச்சைத் தூக்கியாயிற்று, சந்தோஷமா அண்ணே? அந்த ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தவர்களை யார் தூக்குவது?

[8:50] பெரியப்பா: அவர்களுக்கு நேரம் ஏது? அடுத்த கோச்சைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.