தேவிபட்டினம் குடும்பம்: காதுகுத்தும் கண்ணனின் ரைபிளும்

தனம்: பாப்பாவுக்குக் காதுகுத்து பங்குனி கடைசி ஞாயிறு. பூசாரி சொல்லிவிட்டார். கண்ணா, தாய்மாமன் மடி வேண்டும். நியூசிலாந்திலிருந்து வர டிக்கெட் போட்டாயா?

கண்ணன்: (புகைப்படம்)

கண்ணன்: செல்வம் மாமா, மான் வேட்டைக்கு ரைபிளில் புது ஸ்கோப், குறி பார்க்கிற தொலைநோக்கி. 100 மீட்டரில் அட்டையில் மூன்று ரவுண்ட் சுட்டேன். எல்லாம் இடது கீழே போகிறது. என்ன செய்யட்டும்?

தனம்: நான் என்ன கேட்கிறேன், இவன் என்ன போடுகிறான்

அருண்: மானுக்கு டிக்கெட் போட்டுவிட்டான் அக்கா

மல்லிகா அத்தை: அட்டையில் என்ன ஓட்டை? கரையானா?

செல்வம் மாமா: கரையான் இல்லை, குரூப்பிங். மூன்று ஓட்டையும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கும். அப்படியென்றால் உன் கை மேல் குற்றம் இல்லை மாப்ளே, ஸ்கோப் மேல்தான். மூன்றும் மூன்று பக்கம் சிதறியிருந்தால் ஸ்கோப்பைத் தொடவே கூடாது. முதலில் ஸ்கோப்பைப் பிடிக்கிற மவுண்ட் ஸ்க்ரூவையும் ரிங் ஸ்க்ரூவையும் பார். ஒன்று லூசாக இருந்தாலும் நாள் முழுக்கச் சுட்டு ரவுண்ட்தான் வீண். அப்புறம் மூன்று ஓட்டைக்கும் நடுவில் ஒரு புள்ளி வை. அங்கிருந்துதான் அளக்க வேண்டும், இருப்பதில் நல்ல ஓட்டையிலிருந்து இல்லை.

மல்லிகா அத்தை: ஆரம்பித்துவிட்டார். சோறு ஆறுகிறது

கண்ணன்: நடுப்புள்ளி 6 செ.மீ. இடது, 4 செ.மீ. கீழே

செல்வம் மாமா: ஸ்கோப் டயலில் ஒரு கிளிக், அதாவது ஒரு திருகு, எவ்வளவு என்று போட்டிருக்கிறது? மில், எம்ஓஏ இரண்டும் கோண அளவு. 0.1 மில் என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக் 1 செ.மீ., வலது 6, மேலே 4, முடிந்தது.

கண்ணன்: கால் எம்ஓஏ

செல்வம் மாமா: அப்போது ஒரு கிளிக் 7 மில்லிமீட்டர் சொச்சம். வலது பக்கம் 8, மேலே 5 அல்லது 6. டயலில் உள்ள அம்புக்குறி தோட்டா போகவேண்டிய பக்கத்தைக் காட்டும், குழம்பாதே. துப்பாக்கிக் குழலை (பேரல்) ஆறவிட்டு மறுபடி மூன்று ரவுண்ட், அதே பெட்டித் தோட்டா. நடுவில் விழுந்தால் டயல் மூடியைத் தளர்த்தி 0-வில் வை. மறுநாள் காலை ஆறிய பேரலில் ஒரே ஒரு ரவுண்ட் சுட்டுப் பார். காட்டில் உனக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் ரவுண்ட்தான்.

அம்மா: (குரல் பதிவு 2:41)

அருண்: சித்தி சொன்னதன் சுருக்கம்: வள்ளியே மான் வயிற்றில் பிறந்தவள், மானைச் சுட்டால் முருகன் விடமாட்டான். மீதி மல்லிகா அத்தையின் மீன்குழம்பைப் பற்றி

மல்லிகா அத்தை: என் குழம்புக்கு என்னவாம்?

கண்ணன்: அம்மா, நியூசிலாந்துக்கு மானே சொந்தம் இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. இப்போது காட்டையே தின்கிறது. அரசாங்கமே பெர்மிட் தருகிறது, என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது

செல்வம் மாமா: இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நினைக்கவே கூடாது.

பெரியப்பா: இங்கே கடல் அட்டையை எடுத்தாலே கேஸ். 2001-லிருந்து

பெரியப்பா: காற்று எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லையே. கச்சானா கொண்டலா?

செல்வம் மாமா: அத்தான் கேட்டதுதான் கேள்வி. நேர் காற்றும் முதுகுக் காற்றும் பெரிதாக ஒன்றும் செய்யாது. குறுக்குக் காற்றுதான் வினை. மணிக்கு 16 கிலோமீட்டர் அடித்தால் .308 அளவுத் தோட்டாவை 300 மீட்டரில் ஒரு சாண் தள்ளிவிடும். காற்று இல்லாத விடியற்காலையில் ஜீரோ பார், அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழுகிறதா என்று. காற்றையும் சேர்த்து டயலில் திருகி வைத்தால் அடுத்த நாள் அது பொய் சொல்லும்.

பெரியப்பா: கிளிக் கணக்கு இவ்வளவு சுத்தம். என் படகு எஞ்சின் கணக்கு மட்டும் உனக்கு மறந்துபோகிறது செல்வம்

செல்வம் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண்: படித்துவிட்டேன் மாமா

கண்ணன்: 300 மீட்டருக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும்?

செல்வம் மாமா: 100-ல் ஜீரோ என்றால் 300-ல் கிட்டத்தட்ட அரை மீட்டர் இறங்கும். அங்கே உன் ஒரு கிளிக் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஆக 22, 23 கிளிக். இது உத்தேசம்தான். 200-லும் 300-லும் நீயே அட்டையில் சுட்டு, எழுதி, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக்கொள். அதற்கு மேல் தூரத்தில் நின்றால் சுடாதே, கிட்டப் போ. காயத்தோடு ஓடவிடுவதுதான் பாவம், அக்கா சொன்னதில் அது சரி.

தனம்: யாராவது என் பிள்ளையின் காதைப் பற்றிப் பேசுங்கள்

கண்ணன்: அக்கா, ஆண் மான் கத்துகிற பருவமே மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான். லீவும் அப்போதுதான்

தனம்: மான் கத்துகிறதா நான் கத்துகிறேனா, பார்ப்போம். சீமந்தத்துக்கும் நீ வரவில்லை

கண்ணன்: சித்திரை என்றால் வருவேன். கிடா செலவு என்னுடையது

பெரியப்பா: எத்தனை கிடா?

தனம்: பூசாரியிடம் கேட்கிறேன். கேட்கிறேன் என்றுதான் சொன்னேன், சரி என்று சொல்லவில்லை

அருண்: மண்டபமா, கோயில் வாசலில் பந்தலா?

செல்வம் மாமா: பந்தல் போதும். கண்ணா, காரில் கொண்டுபோய் இறக்கியதும் ஜீரோவை மறுபடி ஒரு தடவை

மல்லிகா அத்தை: போனை வைத்துவிட்டுச் சாப்பிட வாருங்கள்

பெரியப்பா: இரண்டு கிடா சொல்லிவிடட்டுமா?