புதுப்பிப்பு: ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

பெருமழைக்கு மறுநாள் எங்கள் ஊர் ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன, யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் போட்டோவோடு மனு கொடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது.

மீன்வளத்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து வந்து, விடியும் முன்பே தண்ணீர் எடுத்தார்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அப்போதுதான் மிகக் குறைவாக இருக்குமாம். லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், 2 கூட இல்லை. மழையோடு சாக்கடை உள்ளே புகுந்து ஆக்சிஜனைக் குறைத்ததுதான் காரணம். நான் எதிர்பார்க்காதது, கட்லா, ரோகு எல்லாம் போய் விரால் மட்டும் தப்பியது. அது மேலே வந்து காற்றைக் குடிக்குமே! விஷம் என்றால் அதுவும் செத்திருக்கும் என்றார்கள். செத்ததையெல்லாம் அள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. அப்புறம், சாக்கடையைத் திருப்பிவிடும் வேலை இன்னும் தொடங்கவில்லை.