ஆன்லைன் வகுப்புக்கு வீடியோ: உங்க அனுபவம் என்ன?

இயற்பியல் ஆசிரியை, தஞ்சை

2020 ஊரடங்கில் எங்கள் துறையில் பலரும் பிபிடி ஸ்லைடுகளுக்குக் குரல் கொடுத்து முக்கால் மணி நேர வீடியோவாக அனுப்பினார்கள். நான் செல்போனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு மேல் கவிழ்த்துவைத்து, கீழே வெள்ளைத்தாளில் மார்க்கரால் எழுதியபடியே பேசினேன். முகம் தெரியாது, கை மட்டும்தான். குவாண்டம் பாடத்தில் 'பெட்டிக்குள் துகள்' (இரண்டு சுவருக்கு நடுவே அடைபட்ட துகள்) வருமே, அதைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். இடது சுவரில் அலைச்சார்பு (துகள் எங்கே இருக்கலாம் என்று கணக்கிட உதவும் சார்பு) பூச்சியம் என்று எழுதியதும் முதல் துண்டு நின்றுவிடும். "இப்போ சைன், கொசைன் ரெண்டுல எது அடிபடும்? நோட்டுல போட்டுப் பார்த்து போட்டோ அனுப்புங்க. அப்புறம்தான் அடுத்த வீடியோ." முணுமுணுத்துக்கொண்டேதான் அனுப்பினார்கள். ஆனால் பரீட்சையில் கொசைன் ஏன் போகிறது என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். பாதிப் பேராவது எழுதினார்களே!

எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லையாம். வெறும் ஸ்லைடைவிட, எழுதிக்கொண்டே விளக்குவதைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. பிபிடியில் சமன்பாடு முழுசாக வந்து விழுந்துவிடுகிறது. கூடவே எழுத எங்கே நேரம்?

அப்போது பி.எஸ்சி. மாணவன், கல்வராயன் மலைப் பக்கம்

மேடம், எங்களுக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. எங்க ஊரில் வீடியோ 144 பி-யில்தான், அதாவது ரொம்ப மங்கலான தரத்தில்தான் ஓடும். பிபிடி எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், மார்க்கர் எழுத்தைப் படிக்கலாம். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அரசு தினமும் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது. டேட்டா வந்தது, டவர்தான் வரலை. வாட்ஸ்அப்பில் வரும் குட்டி வீடியோ மட்டும் ராத்திரியில் முழுசாக இறங்கும்.

என்பிடெல் மென்டர், பொறியியல் கல்லூரி

என்பிடெல் என்பது ஐஐடி போன்றவை நடத்தும் ஆன்லைன் பாடங்கள். இங்கே கதை வேற. வீடியோவைத் திறக்காமலே அசைன்மென்ட் முடிப்பவர்கள் ஏராளம். விடைதான் டெலிகிராமில் சுற்றுகிறதே. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு, அதற்கு 25 மதிப்பெண். மீதி 75 தேர்வு மையத்தில் நேரில் உட்கார்ந்து எழுதுவது. அங்கே டெலிகிராம் வராது. அதனால் வாரம் ஒரு பீரியட் புரொஜெக்டரில் நானே வீடியோவைப் போட்டு, நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கிறேன். ஐஐடி பேராசிரியரின் பாடம்தான், ஆனால் "இதுல என்னடா புரியல?" என்று கேட்க உள்ளூர் ஆள் வேண்டியிருக்கிறது.

வேதியியல் ஆசிரியர், திருநெல்வேலி

தியரிக்கு எல்லாரும் சொல்வது சரி. லேபுக்கு ஒத்துவராது. ஆசிட்-பேஸ் டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு அளக்கும் சோதனை) பினாப்தலின் என்ற நிறங்காட்டி லேசான ரோஸ் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தணும். போன் திரையில் அந்த லேசான ரோஸும் வெள்ளையும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. கல்லூரி திறந்து வந்தவர்கள் பியூரெட் (சொட்டு விடும் அளவுக்குழாய்) திருகைத் தாராளமாகத் திறந்துவிட்டு, பளிச்சென்று ரோஸ் வந்த பிறகு "சார், எண்ட் பாயிண்ட்!" (நிறுத்த வேண்டிய இடம்) என்றார்கள். இப்போதும் வீடியோ கொடுக்கிறேன், லேபுக்கு முந்தின நாள் மட்டும். பியூரெட்டைக் கழுவுவது, காற்றுக்குமிழி எடுப்பது, அளவைக் கண்மட்டத்தில் பார்ப்பது வரைக்கும். சொட்டு விடுவதைப் பக்கத்தில் நின்றுதான் சொல்லித்தருகிறேன்.