பழைய ஜிப்ஸியா, புது ஜிம்னியா? மலைத்தடத்துக்கு வண்டி எடுக்க உதவி வேண்டும்

ஏலத்தோட்டம் (கேள்வி)

எனக்கு ஊர் போடி. பூப்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு மூன்றரை கிலோமீட்டர் மண்தடம். வெயில் காலத்தில் பைக்கிலேயே போய்விடுவேன். ஜூனில் மழை பிடித்துவிட்டால் தடம் முழுக்க வழுக்கும், ஒரு இடத்தில் ஓடை வேறு குறுக்கே ஓடும். இத்தனை வருடம் வாடகை ஜீப்பில்தான் போய்வந்தோம். இனி சொந்த வண்டி வேண்டும். மாதம் ஒன்றிரண்டு ஞாயிறு நண்பர்களோடு மலைத்தடம் ஓட்டவும் ரொம்ப நாள் ஆசை.

கையில் ஒன்பது லட்சம் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் ஒரு 2009 மாடல் மாருதி ஜிப்ஸி வந்திருக்கிறது, நான்கரை லட்சம் கேட்கிறார். கடன் வாங்கினால் அதே மாருதியின் புது ஜிம்னி எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் செகண்ட் ஹேண்ட் மஹிந்திரா தார். அப்பா ஜிப்ஸியை எடுக்கச் சொல்கிறார், மனைவி புது வண்டி என்கிறார். எனக்கு நான்கு சக்கர இழுவை வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பழைய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெட்ரோல்வாசம்

புது வண்டி எடுங்கள் நண்பரே. ஜிப்ஸியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததால்தான் 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். போடிமெட்டு வளைவுகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

கம்பம் ஸ்பானர்

தம்பி, முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய்த் தடத்தின் அகலத்தை அள. ஜிப்ஸி 1540 மி.மீ. அகலம், ஜிம்னி 1645, 2020-க்குப் பிறகு வந்த தார் 1820. ஏலக்காட்டுத் தடங்கள் பழைய ஜீப்புக்காக வெட்டியவை. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமும் இருக்கிற இடத்தில், தாருக்கும் ஜிப்ஸிக்கும் உள்ள இந்த ஒரு சாணுக்கு மேலான வித்தியாசம் பெரிய விஷயம். குதிரைசக்தி எல்லாம் அப்புறம்.

ஜிப்ஸி நல்ல வண்டி. ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் எடை, சேற்றில் புதையாது. 1300 சிசி பெட்ரோல் எஞ்சினை எந்த ஊரிலும் பிரித்து மாட்டுவார்கள், ராணுவம் பயன்படுத்துவதால் பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முதுகு வலிக்கும். பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டீயரிங் இருக்காது.

பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதே, பாயைப் போட்டு அடியில் படு. சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கிகளைச் சுற்றி ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே வா. ‘டங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது, ‘பொத்’ என்றால் துரு தின்றுவிட்டது. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் சுரண்டிப் பார். அடுத்து, முன்னும் பின்னும் ஆக்சில் நடுவில் உருண்டையாக இருக்கும் கிரவுன் பெட்டியின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கச் சொல். பால் காபி நிறத்தில் வந்தால் ஓடையில் இறங்கித் தண்ணீர் புகுந்திருக்கிறது, பல்சக்கரமும் பேரிங்கும் அரித்திருக்கலாம். முன் சக்கரத்துக்கு உள்பக்கம், ஸ்டீயரிங் திரும்பும் உருண்டைப் பகுதியில் கிரீஸ் வழிந்தால் சீல் போய்விட்டது. அதை மாற்றிக்கொள்ளலாம், விலையில் கழித்துக் கேள்.

நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கு. 2 ஹையில், அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், அந்தச் சக்கரம் கையால் சுற்றும். கியரில் போட்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் 4 ஹைக்கு மாற்றினால் சுற்றக் கூடாது. அப்போதும் சுற்றினால் முன்சக்கர ஹப்போ, முன்பக்கத்துக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸோ வேலை செய்யவில்லை. சில வண்டிகளில் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும், அதையும் கேட்டுக்கொள்.

ஒன்று முக்கியம். காய்ந்த தார்ச்சாலையில் 4 ஹை போட்டு ஓட்டிப் பார்க்காதே. முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், அந்த முறுக்கம் வெளியேற வழியில்லாமல் பல்சக்கரத்தில் ஏறும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்குவதால் முறுக்கம் அவிழ்ந்துவிடும்.

ஏலத்தோட்டம்

ரொம்ப நன்றி அண்ணே. இன்று காலை அளந்துவிட்டேன். குறுகலான இடத்தில் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர்தான், அதுவும் ஒரு ஓரம் இடிந்து கிடக்கிறது. இதற்கிடையில் மதுரையில் ஒரு 2023 தார் எட்டரை லட்சத்துக்கு விளம்பரம் பார்த்தேன், டீசல். மற்ற தார்களைவிட நிறையவே குறைவு. இதில் ஏதாவது இருக்கிறதா?

ஏற்றஇறக்கம்

ஆர்.சி.யில் எஞ்சின் சிசி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள் தம்பி. 1497 என்றால் அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. 2023 ஜனவரியில் வந்தது. வெளியே பார்த்தால் அசல் தார் மாதிரியே நிற்கும், கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டாவது கம்பி மட்டும் இருக்காது. உங்கள் தடத்துக்கு மழையில் அது உதவாது.

ஏலத்தோட்டம்

கேட்டேன், 1497-தான். விளம்பரத்தில் அதைச் சொல்லவே இல்லை. நல்லவேளை, காப்பாற்றினீர்கள்.

சனிக்கிழமை ஜிப்ஸியைப் போய்ப் பார்த்தேன், ஸ்பானர் அண்ணன் சொன்ன மாதிரியே அடியில் படுத்தேன். ஜாக்கி சோதனையில் சக்கரம் சுற்றவில்லை, அது சரியாக இருக்கிறது. ஆனால் பின்பக்க கிரவுன் ஆயில் பால் மாதிரி வந்தது. வலது பின் ஸ்பிரிங் கொக்கிக்கு மேலே சேசிஸில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். எஃப்.சி. 2029 வரை இருக்கிறது. விலையை மூன்றே முக்காலுக்கு இறக்குகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

கம்பம் ஸ்பானர்

வேண்டாம். ஆயில் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பேன். கிரவுனைப் பிரித்துப் பேரிங், சீல் போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங் கொக்கிக்கு மேலே ஒட்டுப் போட்ட சேசிஸ் வேறு கதை. பாரம் முழுக்க இறங்குகிற இடம் அது. தகட்டைச் சுற்றி வெல்டிங் சூட்டில் இரும்பு பலம் குறைந்திருக்கலாம், அடுத்த விரிசல் அந்த ஓரத்தில்தான் விடும். பள்ளத்து ஓரத்தில் அது விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். எஃப்.சி. தேதியை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதே.

எடுக்கிற முடிவில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். பழைய வண்டியின் விலையில் கால்வாசிப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். முதல் ஆறு மாதத்தில் அது கட்டாயம் செலவாகும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி என்று அலைச்சல் தனி.

ஏற்றஇறக்கம்

தம்பி, புதிதா பழையதா என்று இரண்டு கரையிலேயே நிற்கிறீர்கள். இரண்டு வருடம் ஓடிய ஜிம்னியைத் தேடுங்கள். 2023 ஜூனில் வந்தபோது ஷோரூம் விலையே 12.74 லட்சத்தில்தான் தொடங்கியது. நகரத்தில் ஆசைக்கு வாங்கி ஓட்டாமல் வைத்திருப்பவர்கள் விற்கிறார்கள். இந்தியாவில் வந்த ஜிம்னி அத்தனையும் நான்கு சக்கர இழுவை என்பதால் தாரில் நடந்த ஏமாற்று இதில் நடக்காது. மெதுவாக, அதிக இழுவையோடு ஏற 4 லோ இருக்கிறது, முன்னும் பின்னும் முழு ஆக்சில், தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். ஐந்து கதவு, நீளம் கூட என்பதால் மேட்டில் ஏறும்போது வண்டியின் நடு அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். கூரான மேட்டில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறுங்கள்.

வாங்கும்போது சர்வீஸ் கணக்கு, இன்சூரன்ஸ் க்ளெய்ம், வங்கிக் கடன் முடிந்து 35-ஆம் படிவம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரண பாலிசியில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள், எஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்து எடுங்கள். டயரை அதே அளவில் ஏ.டி. வகைக்கு (தார்ச்சாலைக்கும் மண்தடத்துக்கும் ஏற்றது) மாற்றுங்கள். வெளியே துருத்துகிற டயர் வேண்டாம், ஆர்.டி.ஓ.வில் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது தனியார் நிலமாக, உரிமையாளரிடம் கேட்டு ஓட்டுவதாக இருக்கட்டும். காப்புக்காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள்.

ஏலத்தோட்டம்

கோயம்புத்தூரில் ஒன்று கிடைத்தது. 2023 கடைசி, 14,000 கி.மீ. ஓடியது. ஒன்பதரைக்கு முடித்தோம், அரை லட்சம் மாமனார் கொடுத்தார். அடியில் படுத்துப் பார்த்தேன், ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. இப்போது மழை வேறு தொடங்கிவிட்டது. முதல் தடவை தோட்டத்துக்கு எப்படி ஓட்டுவது?

கம்பம் ஸ்பானர்

சந்தோஷம் தம்பி. தார்ச்சாலை முடிகிற இடத்திலேயே நிறுத்தி 4 லோ போட்டுவிடு, மாட்டிய பிறகு போடாதே. டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு, ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போது ஏற்றிவிடு. இறக்கத்தில் முதல் கியர், கிளட்சை மிதிக்காதே, எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் பயந்து ஆக்ஸிலேட்டரை விடாதே. நிதானமாக மிதித்தபடி இரு, சுற்றுகிற சக்கரத்தை வண்டியே பிரேக் போட்டு நிறுத்தி மறு சக்கரத்துக்கு இழுவையைத் தரும். ஓடையில் முதலில் நீ கம்போடு இறங்கி நட. தண்ணீர் சக்கரத்தின் நடுவுக்கு மேலே வந்தால் அன்று திரும்பிவிடு.

தனியாகப் போகாதே. ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் மஹிந்திரா மேஜர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பூப்பாறை முக்குக்கு வருகிறேன், கயிறு என்னிடம் இருக்கிறது. நீ முன்பக்க இழுவைக் கொக்கி எங்கே மாட்டுவது என்று மட்டும் பார்த்து வை.